மாப்பிள்ளையின் இன்ஜினும் என் ஈயமும்

என் தங்கையைக் கட்டிய மனிதரை நான் இருபத்திரண்டு வருடமாகத் திட்ட முடியாமல் தவிக்கிறேன். தங்கை புருஷன் என்றால் மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்றால் மரியாதை. அவர் என்ன செய்தாலும் ‘இப்படிச் செஞ்சிருக்கலாமே மாப்பிள்ளை’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லலாமே தவிர, ‘அறிவிருக்கா உங்களுக்கு’ என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. கேட்டிருக்க வேண்டிய சமயங்களை ஒருமுறை உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன். பாதியிலேயே தலைவலி வந்துவிட்டது.

இத்தனைக்கும் அவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்திப் பேச மாட்டார். வேலைக்கு ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பது அவர் தொழில். இந்த ஊரில் பாதிப் பேர் அவர் தேய்த்த லென்ஸ் வழியாகத்தான் பேப்பர் படிக்கிறார்கள். மனிதருக்கு இருக்கும் ஒரே கோளாறு, வீட்டில் ரயில் இன்ஜின் செய்கிறார்.

உடனே பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் ஏமாந்தேன். ஆளைப் படுக்கவைத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். முழுக்க இரும்பும் செம்பும் பித்தளையும். உள்ளே நிஜமான நெருப்பு எரிய வேண்டும், நிஜமான நீராவி வர வேண்டும், அந்த நீராவி பிஸ்டனைத் தள்ள வேண்டும். பின்னால் ஒரு தட்டு வண்டி. ஓட்டுகிறவர் அதன்மேல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, சாப்பாட்டுக் கரண்டி அளவு மண்வாரியால் கரி அள்ளிப் போட்டுக்கொண்டே போக வேண்டும். எங்கே போவது? எங்கேயும் இல்லை. வீட்டைச் சுற்றித்தான். அதற்காக அறுபத்திரண்டு மீட்டர் தண்டவாளத்தை வீட்டைச் சுற்றிப் போட்டு வைத்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, குளியலறைச் சுவரை ஒட்டி, துணி காயும் கொடிக்கு அடியில், என் கடை ஜன்னலுக்கு வெளியே. நான் அதில் இரண்டு முறை தடுக்கி விழுந்திருக்கிறேன். இரண்டு முறையும் அவர் ஓடி வந்து முதலில் தண்டவாளத்தைத்தான் தடவிப் பார்த்தார்.

வீடு எனக்கும் தங்கைக்கும் பொது. கீழே முன்பக்கம் என் கடை. டி.வி., ரேடியோ, மின்விசிறி என்று எது கெட்டாலும் என்னிடம் வரும். மாடியில் அவர்கள் இருவரும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது வேறு கதை. சாப்பாடு மட்டும் மேலே போய்ச் சாப்பிடுவேன். கடைக்குப் பின்னால் ஒரு பெரிய அறை இருக்கிறது. நியாயமாக அது என் கடைக்குச் சேர வேண்டிய அறை. ‘ஒரு ஆறு மாசம் மட்டும் குடுங்க மச்சான்’ என்று கேட்டார். கொடுத்தேன். ஒன்பது வருடம் ஆகிறது. ரிப்பேருக்கு வந்த டி.வி.க்களையெல்லாம் என் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் சாய்த்து வைத்துவிட்டு, நடுவில் நான் ஒருக்களித்துப் படுக்கிறேன்.

அந்த அறையில் அவர் இரும்பு கடையும் லேத்தை ஓட்டினால் என் கடையில் விளக்கு மங்கும். நான் யாருக்காவது டி.வி.யைப் போட்டுக் காட்டி, ‘பாருங்க, படம் எப்படி நிக்குது’ என்று சொல்லி வாய் மூடுவதற்குள் படம் ஆடும். ‘மாப்பிள்ளை’ என்று கத்துவேன். லேத் நிற்கும். அரை மணி நேரம் அமைதி. பிறகு பழையபடி. ஒருநாள் பொறுக்க முடியாமல் உள்ளே போய், ‘அப்படி என்னதான் பண்றீங்க?’ என்றேன். நகத்தளவு ஒரு பித்தளை வளையத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ‘இது இருபதாவது, மச்சான். பத்தொன்பதும் ஒரு நூல் பெருசாப் போச்சு’ என்றார். அன்றைக்கு நான் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்தேன். அவர் சிரித்தார். கோபமாவது பட்டிருக்கலாம்.

அந்த மில்லிமீட்டர் செய்த ஒரு காரியத்தைக் கேளுங்கள். இன்ஜினுக்கு இரண்டு சிலிண்டர். ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம். செருப்பு மாதிரிதான், ஒன்றுக்கொன்று எதிர்வாட்டம். ஏழு மாதம் உட்கார்ந்து குடைந்து, தேய்த்து, மெருகேற்றி, கடைசியில் பொருத்தப் போனால் இரண்டுமே இடது. ஒரு நூல் பிசகவில்லை, இரண்டும் அச்சு அசல் ஒன்று போல இருந்தன. ‘அளவு சுத்தமா இருக்கு மச்சான்’ என்று அதற்கும் என்னிடம் ஒரு பெருமை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மறுபடி ஐந்து மாதம் போயிற்று.

இந்த மாதிரி ஆட்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒரு சங்கமாகச் சேர்ந்திருக்கிறார்கள். யார் புதிதாக இன்ஜின் செய்தாலும் சங்கத்தில் ஒருவர் வந்து பாய்லரைச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதில் நெருப்புப் போட வேண்டும். முதலில் பாய்லர் முழுக்கப் பச்சைத் தண்ணீரை நிரப்பி, ஓட்டும்போது இருக்கும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு பம்பால் ஏற்றி, எங்கேயாவது கசிகிறதா, வீங்குகிறதா என்று பார்ப்பார்கள். அது தேறினால் அன்றைக்கே நெருப்புப் போட்டு முதல் ஓட்டம். அதிலும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அந்த இன்ஜினால் அதிகம் அவதிப்பட்டவர் யாரோ, அவரைத்தான் செய்தவருக்குப் பின்னால் முதல் பயணியாக உட்காரவைப்பார்கள். நியாயப்படி அது நான்தான். ஆனால் தங்கை விடவில்லை. ‘நீ ரூமத்தான் குடுத்த அண்ணா, நான் புருஷனையே குடுத்திருக்கேன்’ என்றாள். இடத்தை அவளுக்கே விட்டுக்கொடுத்தேன்.

தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. யாரிடமாவது கெஞ்சி டியூட்டியை மாற்றிக்கொண்டு, அதற்குப் பதில் அவர்களுடைய இரண்டு நாளை இவள் பார்க்க வேண்டும். அப்படி மூன்று முறை சோதனைக்கு நாள் குறித்து, மூன்று முறையும் லீவு எடுத்தாள். மூன்று முறையும் மில்லிமீட்டர் முந்தின நாள் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். முதல் முறை, ஒரு வால்வு லேசாக உரசுகிறதாம். அடுத்த முறை, ஆணித்தலைகள் வரைபடத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் தடிமனாம், யார் கண்ணுக்கும் தெரியாது, ஆனால் அவருக்குத் தெரியுமாம். மூன்றாவது முறை பாய்லரில் ஒரு குழாய் முனை சுத்தமாக இல்லை என்று முழு இன்ஜினையும் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டார். மறுபடி கூட்டிச் சேர்க்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. அவர் பிரித்துப் போட்ட அன்றைக்குத் தங்கை, துவைத்து மடித்து வைத்திருந்த நல்ல உடையை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள், அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டு நான் சாப்பிட்டேன். சோறு இறங்கவில்லை.

நாலாவது முறை நாள் குறித்தபோது அவள் கீழே என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

‘அண்ணா, இந்தத் தடவையும் அவரு நிறுத்தினாருன்னா, நான் அந்த ரூம் பக்கமே இனிமே எட்டிப் பாக்க மாட்டேன். அவரு ஓட்டட்டும், உடைக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. ஒன்பது வருஷமா நாளைக்கு, நாளைக்குன்னு கேட்டு எனக்கு அலுத்துப் போச்சு.’

‘அவருகிட்டயே சொல்ல வேண்டியதுதான?’

‘சொன்னேன். சரின்னாரு. அவரு எதுக்குத்தான் சரின்னு சொல்லல?’

அவள் அழுதிருந்தால்கூட எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுந்து டியூட்டிக்குப் போய்விட்டாள். எப்பாடு பட்டாவது இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த எழவெடுத்த இன்ஜின் ஓடியாக வேண்டும் என்று அப்போதே முடிவு கட்டினேன்.

புதன்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை தாமே பம்பை மாட்டித் தண்ணீர் ஏற்றிப் பார்த்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ‘ம், இருக்கு’ என்றார். அந்த வாயிலிருந்து அதற்கு மேல் என்றைக்கும் வந்ததில்லை. விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் தையல்காரர் தன் ரேடியோவை எடுத்துப் போக வந்தார். பேச்சோடு பேச்சாக, ‘உங்க வீட்டு ரயில் ஞாயித்துக்கிழமை ஓடுதாமே?’ என்றார். நான் ஒன்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருந்த இன்ஜின்தான். ஆனால் அந்நியர் ஒருவர் கேட்டதும் எனக்கு எங்கிருந்து பெருமை வந்ததோ தெரியவில்லை. ‘வாங்க, காட்டறேன்’ என்று உள்ளே அழைத்துப் போனேன். பம்பு மாட்டியபடியே இருந்தது. ‘இந்த பாய்லர் எவ்வளவு தாங்கும் தெரியுமா?’ என்று என்னமோ நான் செய்தது போல நாலு அழுத்து அழுத்திக் காட்டினேன். மீட்டரில் முள் ஏறியது. தையல்காரர் வாயைப் பிளந்தார். அவர் போன பிறகு பார்த்தேன். கரி போடும் வாயின் அடிவிளிம்பில் ஒரு துளி தண்ணீர் நின்றது.

துடைத்தேன். மெல்ல மறுபடி வந்தது. கடுகளவு துளிதான். ஒரு நிமிடத்துக்கு ஒன்று.

மில்லிமீட்டர் இதைப் பார்த்தால் என்ன நடக்கும் என்று எனக்கு மனப்பாடம். சனிக்கிழமை கையைப் பிசைந்துகொண்டு மாடியேறுவார். இன்ஜின் மறுபடி தரையில் பரப்பப்படும். தங்கை உடையை மடித்து உள்ளே வைப்பாள். இந்தத் துளியால் பதினான்கு மாதமா? நான் யார்? முப்பது வருடமாகப் பற்றவைத்தே சோறு தின்கிறவன். கண்ணுக்குத் தெரியாத கம்பிகளையெல்லாம் ஒட்டியிருக்கிறேன், இந்த ஒரு ஊசித்துளையை அடைக்க முடியாதா?

தண்ணீரை வடித்தேன். அவர் செம்பு ஒட்டும் கேஸ் விளக்கைக் கொளுத்தி அந்த இடத்தைக் காயவைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஈயம் பிடிக்கப் பசை தடவி, என்னிடம் இருந்த நல்ல ஈயக்கம்பியை எடுத்து உருக்கி ஓடவிட்டேன். அழகாகப் பரவிப் பிடித்தது. புதுசாகப் பளபளத்ததால் காட்டிக்கொடுத்துவிடுமே என்று, ஆறிய பின் கரித்தூளைத் தொட்டு மேலே தேய்த்துவிட்டேன். திரும்பத் தண்ணீர் நிரப்பிப் பம்படித்தேன். சொட்டு இல்லை. கையைக் கழுவிக்கொண்டு கடைக்கு வந்து உட்கார்ந்தபோது, என் தங்கைக்காக நான் இந்த ஒன்பது வருடத்தில் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்று தோன்றியது. அன்றைக்கு இரவு இரண்டு கரண்டி கூடவே சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மாப்பிள்ளை கையைப் பிசையவில்லை. அதுவே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. நான் அடைத்த அடைப்பால்தான் பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தார் மடக்கு நாற்காலிகளோடு வந்து சேர்ந்தார்கள். சோதிக்க வந்தவர் ஒரு பெண்மணி. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சங்கத்தில் எல்லோரும் லிஃப்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாய்லர் விஷயத்தில் அவர் யாருக்கும் முகதாட்சண்யம் காட்ட மாட்டாராம். இன்ஜினைத் தள்ளிக்கொண்டு வந்து வெளியே தண்டவாளத்தில் நிறுத்தினோம். பச்சை வண்ணம், பித்தளைப் பட்டை, ஒவ்வொரு ஆணியும் தனித்தனியாகத் துடைக்கப்பட்டு மின்னியது. என் வாயைக் கிளறாதீர்கள், அழகாகத்தான் இருந்தது. தங்கை அந்த நல்ல உடையைப் போட்டுக்கொண்டு, கைப்பையோடு, நிஜமாகவே ஊருக்குப் போகிறவளைப் போல மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

லிஃப்டக்கா தன் மீட்டரை மாட்டிப் பம்படித்தார். முள் ஒன்றரை மடங்கில் போய் நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். இருபது நிமிடம். முள் அசையவில்லை. மாப்பிள்ளை இன்ஜினைப் பார்க்கவேயில்லை, பக்கத்தில் நின்று தன் விரல் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் ஈயக்கம்பிக்கு நன்றி சொன்னேன்.

‘தேறிடுச்சு. சுத்தமா இருக்கு. கரி எடுத்துட்டு வாங்க’ என்றார் லிஃப்டக்கா. சங்கத்தார் கைதட்டினார்கள். அவர் படிவத்தை எடுத்து நாற்காலிக் கையில் வைத்து எழுதத் தொடங்கினார். மாப்பிள்ளை உள்ளே கரி எடுக்கப் போனார். தங்கைக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. அவள் லிஃப்டக்காவிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தாள்.

‘எனக்கு ஒரு வெள்ளி மோதிரம் வாங்கித் தந்ததில்ல இவரு. வாங்கின வெள்ளியெல்லாம் இந்தச் செம்ப ஒட்டத்தான் போச்சு. சாதாரண ஈயம் வச்சு ஒட்டினா ஆகாதாக்கா?’

லிஃப்டக்கா எழுதிக்கொண்டே சொன்னார். ‘ஈயம் பட்டுச்சுன்னா அந்த பாய்லர் அவ்வளவுதாம்மா. ஒரு தடவ ஈயம் ஏறின செம்புல அப்புறம் வெள்ளி பிடிக்காது. பிடிச்ச மாதிரி இருக்கும், நிக்காது. தூக்கிப் போட வேண்டியதுதான்.’

‘தண்ணி கசியுமா?’

‘அதுதான் கசியாது. பச்சத் தண்ணியில கல்லு மாதிரி நிக்கும், என்னையே ஏமாத்திரும். நெருப்பு போட்டப்புறம்தான் வினை. அதுவும் கரி போடற வாய்ப்பக்கமா இருந்தா, தண்ணி கொஞ்சம் இறங்கினா போதும், ஈயம் இளகி ஓடிரும். உள்ள இருக்கற நீராவி மொத்தமும் அந்த ஓட்ட வழியாத்தான் வரும். கரி போடக் குனிஞ்சவரு மூஞ்சியிலதான் அடிக்கும்.’

‘ஐயோ. நீராவி சுட்ட கேஸெல்லாம் எங்க வார்டுக்கு வரும்க்கா. பாக்க முடியாது’ என்றாள் தங்கை. சொல்லிவிட்டு, தட்டு வண்டியில் ஓட்டுகிறவருக்குப் பின்னால் எங்கே உட்காருவது என்று இடம் பார்க்கப் போனாள்.

மாப்பிள்ளை கரி வாளியோடு வருகிறார். வந்து குந்தி உட்கார்ந்து, நான் ஈயம் பூசிய அந்த வாய்க்கு நேராக முகத்தை வைத்து, முதல் கரியை அள்ளுகிறார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பொய் சொல்வானேன், நினைத்தேன். ஈயம் நிற்கலாம், நல்ல ஈயம்தானே என்றுகூட நினைத்தேன். அவர் தீக்குச்சியை உரசினார்.

‘மாப்பிள்ளை, போடாதீங்க’ என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். ‘அந்த வாய்க்கடியில கசிஞ்சுது. வியாழக்கிழமை பாத்தேன். நான்தான் ஈயம் வச்சு அடைச்சேன். தெரியாமப் பண்ணிட்டேன்.’

தீக்குச்சி அவர் விரலைச் சுடுகிற வரை எரிந்து அணைந்தது. லிஃப்டக்கா பேனாவை மூடினார். மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்துக் குனிந்து, ஒரு ஊசியால் அந்த இடத்தைக் கீறினார். கரித்தூள் உதிர்ந்து ஈயம் பளிச்சென்று தெரிந்தது.

‘ஆமா’ என்றார். பிறகு எழுந்து, ‘கரிய நல்லாத்தான் தேய்ச்சு விட்டிருக்கீங்க மச்சான். எனக்கே தெரியல’ என்றார்.

‘என்னைத் திட்டித் தொலைங்க மாப்பிள்ளை’ என்றேன்.

‘நல்லதுக்குத்தான செஞ்சீங்க.’

இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவர் என் சட்டையைப் பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் கோபம் முழுக்க என் மேலேயே திரும்பியது.

லிஃப்டக்கா அருகில் வந்து பார்த்துவிட்டு, ‘எவ்வளவு கசிஞ்சுது?’ என்று என்னைக் கேட்டார். நிமிடத்துக்கு ஒரு துளி, கடுகளவு என்றேன். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். ‘அவ்வளவுதானா? ஒரு துளி கசிஞ்சா அது கணக்கே இல்லங்க. ரெண்டு தடவ சூடு ஏறினா தானா அடைஞ்சிரும். எழுதி வச்சுட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அப்படியே விட்டிருந்தா இந்நேரம் ஓடியிருக்கும்.’ படிவத்தை இரண்டாகக் கிழித்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

புது பாய்லருக்கு எவ்வளவு நாளாகும் என்று சங்கத்தில் யாரோ கேட்டார்கள். இரண்டு வருடம் என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். சங்கத்தார் நாற்காலிகளை மடக்கினார்கள். துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களைப் போல ஒவ்வொருவராகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் நாங்கள் மூன்று பேர் மட்டும் மிஞ்சினோம். தங்கை கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மாடிப்படி பக்கம் திரும்பினாள். போகப் போகிறாள், உடையை மடித்து வைக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு படி ஏறியவள் நின்றாள். திரும்ப இறங்கி வந்து, தட்டு வண்டியில் ஏறி இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தாள்.

‘நான் ஏறிட்டேன். இறங்கறதா இல்ல. ரெண்டு பேரும் தள்ளுங்க.’

‘என்னம்மா இது, நெருப்பே இல்லாம...’ என்று மாப்பிள்ளை இழுத்தார்.

‘உங்களுக்கு ஒரு நாளும் நெருப்பு இருக்காது. தள்ளுங்க. அண்ணா, நீயும்தான். இதுல உனக்கென்ன வேடிக்கை?’

அவர் பாய்லர் தண்ணீரை வடித்து, சிலிண்டரில் காற்று அடைக்காமல் இருக்க அதன் அடியில் இருந்த சின்னக் குழாய்களைத் திறந்துவிட்டார். அந்த நிலையிலும் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்ட பிறகுதான் வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டிக்குப் பின்னால் இரண்டு பேரும் குனிந்து தள்ளினோம். இன்ஜின் நகர்ந்தது. சொல்லத்தான் வேண்டும், துளிச் சத்தம் இல்லை. அத்தனை கனமும் வழுக்கிக்கொண்டு போயிற்று. பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் இரண்டு தலைகள் முளைத்தன. பார்த்தால் பார்க்கட்டும் என்று தள்ளினேன். தங்கை முதுகை நிமிர்த்தி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி போனாள்.

தண்ணீர்த் தொட்டி வளைவில் எனக்கு மூச்சு வாங்கியது. ‘அந்த ஒரு துளிய நான் பாக்காமயே இருந்திருக்கலாம், மாப்பிள்ளை’ என்றேன்.

‘நான் புதன்கிழமையே பாத்துட்டேன், மச்சான்.’

முதலில் எனக்குப் புரியவில்லை. ‘எத?’

‘அந்தத் துளியத்தான்.’

‘பாத்துட்டு? பிரிக்காமயா விட்டீங்க? நீங்களா?’

அவர் தள்ளிக்கொண்டே சொன்னார். ‘லைட்ட அணைச்சுட்டு மேல வந்து படுத்துட்டேன். தூக்கமே வரல. ஒரு துளி இருந்தா லிஃப்டக்கா விட்டுருவாங்கன்னு எனக்குத் தெரியும். எனக்குத்தான் மனசு கேக்கல. ரெண்டு தடவ எழுந்து வாசப்படி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போய்ட்டேன். அவ லீவு போட்டிருந்தா, மச்சான். இந்தத் தடவ விட்ரணும்னு விட்டுட்டேன்.’

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு குழாய் முனைக்காகப் பதினான்கு மாதம் செலவழிக்கிற மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குறையைக் கண்ணால் பார்த்தும் பேசாமல் விட்டிருக்கிறார். நான் போய் அதைச் சரி செய்து தொலைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், குளியலறைச் சுவருக்குப் பக்கத்தில் நின்று சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் நடக்காதது போலத் தனியாகவே தள்ளிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் மறுபடி கை கொடுத்தேன்.

தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், அவர் சொன்னது அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கும். கொடியில் காய்ந்த துணி அவள் தலையில் தட்டியது, அதைக்கூட விலக்கவில்லை. என் கடை ஜன்னலைத் தாண்டி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம். நான் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். மாப்பிள்ளை அவள் இறங்குவதற்காகக் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் இறங்கவில்லை.

‘இன்னொரு சுத்து தள்ளுங்க’ என்றாள்.